தளத்துக்குள் இருந்த கடல்

2013ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு, எங்கள் வீட்டு நடு அறையின் தளத்திலிருந்து ஒரு முழ அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, சற்று முன்புவரை என் மகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பாயின் மேல் விழுந்தது. தண்ணீர் குடிக்க அவள் அடுப்படிக்குப் போயிருந்தாள். விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்த்தபோது, உள்ளே இருந்த கம்பிகள் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரிந்து, தொட்டால் விரலில் செம்மண்ணாய் ஒட்டும் நிலையில் இருந்தன. வீடு கட்டி அப்போது 17 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

மறுநாள் வந்து பார்த்த கொத்தனார், "கடக் காத்து சார். நம்ம பக்கம் எந்த வீடு தப்பிச்சிருக்கு?" என்றார். உச்சிப்புளிக்குக் கிழக்கே, வடக்கில் பாக் விரிகுடாவும் தெற்கில் மன்னார் வளைகுடாவும் நெருக்கும் ஒடுங்கிய நிலத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் விடை அது. சைக்கிள் சங்கிலி இறுகினாலும், ஜன்னல் கம்பி அரித்தாலும், மின்விசிறியின் மூடி கொப்பளித்தாலும் உப்புக்காற்று என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த வேலையைப் பார்ப்போம். பள்ளியில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்த நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் அந்த அறைக்கு வெளிச்சுவரே கிடையாது. நான்கு பக்கமும் மற்ற அறைகள் சூழ்ந்த, காற்றே எளிதில் நுழையாத அறை அது. கடலைப் பார்த்து நிற்கும் முன்வாசல் தளத்தில் ஒரு கீறலும் இல்லாதபோது, நடு அறைத் தளம் மட்டும் ஏன் முதலில் விழுந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கேள்விக்கான விடையைச் சொல்வதற்கு முன் உப்பளத்துக்குப் போய்வர வேண்டும். உப்பு என்பது ஒரே பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்வரை, அது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பது பிடிபடாது.

பங்குனியில் உப்பு விளையத் தொடங்கியதும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வாலிநோக்கம் பக்கத்து அளங்களுக்கு அழைத்துப்போவது என் வழக்கம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சோற்றில் போடும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சேர்மங்களும், மிகச் சிறிய அளவில் புரோமைடும் அடக்கம். இவை எல்லாம் ஒன்றாகக் கரைந்திருந்தாலும், தண்ணீர் வற்ற வற்ற ஒன்றாக வெளியேறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கரைதிறன் வேறு. ஆகவே ஒவ்வொன்றும் தன் முறை வரும்போதுதான் படிகிறது. உப்பளத் தொழிலாளர்கள் ஆய்வகம் எதுவும் இல்லாமல் இந்தப் பிரிப்பை நாள்தோறும் செய்கிறார்கள். தண்ணீரை ஒரு குழாயில் மொண்டு, அதில் மிதப்புமானியை விட்டு, தண்ணீரின் செறிவைக் காட்டும் "டிகிரி" பார்ப்பார்கள். கடல்நீர் உள்ளே வரும்போது 3 டிகிரியை ஒட்டி இருக்கும். வெயிலில் வற்றிக்கொண்டு போகும்போது முதலில் பிரிவது கால்சியம் கார்பனேட். 13 டிகிரி வாக்கில் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், பாத்தியின் அடியில் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். தொடக்கத்தில் இருந்த தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, டிகிரி 25ஐத் தாண்டிய பிறகுதான் சோற்றுக்குப் போடும் உப்பு பூக்கும். அதிகாலையில் போனால் பாத்தியின் மேல்பரப்பில் சிறு சிறு கட்டங்களாக அது மிதப்பதைப் பார்க்கலாம். பாரம் கூடியதும் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும்.

உப்பை வாரியபின் மீந்து நிற்கும் கொழகொழத்த நீரை ஏறத்தாழ 29 டிகிரியில் வெளியேற்றிவிட வேண்டும். நஞ்சோடைத் தண்ணீர் என்று அதற்குப் பெயர். மக்னீசியம் குளோரைடும் மக்னீசியம் சல்பேட்டும் செறிந்த அந்த நீரை ஒரு துளி நாக்கில் வைத்த மாணவன் ஒருவன் முகம் கோணி, "சார், இது கரிக்கல, கைக்குது" என்றான். மக்னீசியத்தை அவனுக்கு அதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் அறிமுகம் செய்திருக்க முடியாது. நஞ்சோடைத் தண்ணீரை உரிய நேரத்தில் வெளியேற்றாவிட்டால், அந்தக் கைப்பு உப்பின் மணிகளுக்கு இடையே தங்கிவிடும்.

என் தாயார் அந்த ஆண்டு வாரிய உப்பைச் சமையலுக்கு எடுக்கமாட்டார். "புது உப்பு கைக்கும்யா, ஒரு மழ பாக்கட்டும்" என்று சொல்லி, சாக்கோடு ஒரு மூலையில் பலகை மேல் வைத்துவிடுவார். சாக்கின் அடியில் ஈரம் கசிந்து தரையில் ஒரு வளையம் விழும். அந்த வளையத்தில் போவது மக்னீசியம் குளோரைடு என்பது நான் கல்லூரிக்குப் போனபின் புரிந்தது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். எங்கள் கரையில் அவ்வளவு வறண்ட நாள் சித்திரைக் கத்திரியில்கூட அரிது. ஆகவே கல்லுப்பில் கலந்திருக்கும் அந்தச் சிறு மக்னீசியம், ஆண்டு முழுவதும் காற்றிலிருந்து நீரை இழுத்து, தானும் கரைந்து, மணிகளின் மேல் ஓர் ஈரப்படலமாகப் பரவி நிற்கிறது; ஜாடிக்குள் உப்பு வியர்ப்பது அதனால்தான். பாக்கெட் உப்பைச் செறிந்த உப்புநீரால் கழுவி, மக்னீசியத்தை நீக்கி, உலர்த்தி, மணிகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேறு பொருளும் சேர்ப்பதால் அது அவ்வளவு எளிதில் கசிவதில்லை. அயோடினைப் பொட்டாசியம் அயோடைடாகச் சேர்க்காமல் அயோடேட்டாகச் சேர்ப்பதும், நம்முடையதைப் போன்ற ஈரமான வெப்பநாட்டில் அயோடேட்தான் நிலைத்து நிற்கும் என்பதால்தான்.

ஜாடியை இவ்வளவு நேரம் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கான்கிரீட்டுக்குள் உப்பு புகுந்தால் அங்கும் அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும். ஜாடிக்குள் நடப்பது தளத்துக்குள்ளும் நடக்கும்.

சோடியத்தையும் குளோரினையும் தனித்தனியே நினைத்துப் பார்த்தால், இரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807இல் உருகிய காரத்தில் மின்சாரம் செலுத்திப் பிரித்தெடுத்த சோடியம், கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். தண்ணீரில் போட்டால் சீறி ஓடும். ஆகவே மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைப்போம். குளோரின் நுரையீரலை அரிக்கும் பசுமஞ்சள் வாயு. சோடியம் தன் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் அடங்கிவிடுகின்றன. அடங்கிய இந்தக் குளோரினுக்குத்தான் குளோரைடு அயனி என்று பெயர். நாம் தினமும் உண்பதும், நம் இரத்தத்தில் ஓடுவதும் அதுதான். சோற்றில் நமக்குத் தீங்கு செய்யாத அந்த அயனி, இரும்புக்கு என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கரையின் கதை.

நல்ல கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி துருப்பிடிக்கக் கூடாது. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடும் பிற காரங்களும் உள்ளிருக்கும் ஈரத்தை 12.5 முதல் 13 வரையிலான பிஎச் உடைய கடுங்காரமாக வைத்திருக்கின்றன. அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிக் கம்பியைக் காக்கிறது. தண்ணீரும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருந்தாலும் அந்தப் படலம் இருக்கும்வரை பயமில்லை. குளோரைடு அயனி வந்தால் அந்தப் படலத்தை அங்கங்கே புள்ளி புள்ளியாக உடைக்கிறது. உடைந்த புள்ளியில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. இழந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடி, படலம் உடையாத பக்கத்துப் பகுதியில் ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. ஒரே கம்பி, ஒரு முனை நேர்மின்முனையாகவும் மறுமுனை எதிர்மின்முனையாகவும், உப்பு ஈரம் நடுவே மின்சாரத்தைக் கடத்தும் மின்பகுளியாகவும், ஒரு சிறு பாட்டரியாக மாறிவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இந்த வேலையில் குளோரைடு செலவாவதில்லை என்பது. கரைந்த இரும்போடு சேர்ந்து கொஞ்ச தூரம் போகிறது. இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்ததும் விடுபட்டு, மறுபடியும் அடுத்த இரும்பைத் தேடி வருகிறது. ஒருமுறை உள்ளே போன குளோரைடு, கம்பி தீரும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அமுக்கினால் எவ்வளவோ தாங்கும் கான்கிரீட், உள்ளிருந்து பிளக்கும் விசையைத் தாங்காது; கம்பி நெடுகக் கீறல் ஓடி, ஒரு நாள் அடிப்பக்கம் பெயர்ந்துவிடும். எங்கள் தளம் விழுந்தது இப்படித்தான்.

குளோரைடு எந்த வழியாக வந்தது என்பதை அறிய, பெயர்ந்த துண்டிலிருந்து மூன்று இடங்களில் தூளைச் சுரண்டினேன்: அறையைப் பார்த்த அடிப்பக்கம், நடுப்பகுதி, கம்பியை ஒட்டிய பகுதி. காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பு என்றால் வெளிப்பக்கம் மிகுதியாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். மாலையில் பள்ளி ஆய்வகத்தில் மூன்று தூள்களையும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, மூன்று சோதனைக் குழாய்களில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தேன். அமிலம் சேர்க்காவிட்டால் சிமெண்டின் காரமே வெள்ளி நைட்ரேட்டோடு சேர்ந்து பழுப்பாகப் படிந்து கண்ணை ஏமாற்றிவிடும். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட். "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு" என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்ட அந்தச் சொற்றொடர், என் வீட்டுக் கூரையிலிருந்து மூன்று குழாய்களிலும் ஒரே அடர்த்தியாகத் திரண்டு இறங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது மெல்ல ஊதாச் சாம்பலாக மாறியது. வெள்ளி குளோரைடு ஒளி பட்டால் கருக்கும். உப்பு வெளியிலிருந்து வரவில்லை. தளம் போட்ட அன்றே கலவைக்குள் இருந்திருக்கிறது.

1996இல் அந்தத் தளத்தைப் போட்டபோது கோடை. எங்கள் மணற்பாங்கான நிலத்தில் நான்கைந்து அடி தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் இருக்கும். மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்ததால், மணலுக்குள் உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. ஆழமாக ஆழ்துளைக் குழாயை இறக்கினால் அந்த மெல்லிய நல்ல நீரைத் தாண்டி உப்புநீருக்குள் போய்விடுவோம். பெண்கள் ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய தண்ணீர் குடிக்க மட்டும் போதுமானதாக இருந்தது. கட்டட வேலையை ஒப்பந்தத்தில் எடுத்தவர், லாரித் தண்ணீருக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, நடு அறை தளம் போட்ட நாளில் ஆழ்துளைத் தண்ணீரையே கலவைக்கும், பிறகு தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தவும் பயன்படுத்திவிட்டார். முன்வாசல் தளத்துக்கு மட்டும் லாரி வந்தது என்பது என் மனைவிக்கு நன்றாக நினைவிருந்தது. நான் அன்று பள்ளிக்குப் போயிருந்தேன். வேதியியல் தெரிந்த ஒருவன் ஒரு குவளைத் தண்ணீரைச் சோதித்திருந்தால் போதும் என்ற வேதனை இன்றும் இருக்கிறது.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தரவிதி சொல்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு அதே விதி 2000 வரை அனுமதிக்கிறது. இரும்பு இல்லாத இடத்தில் குளோரைடுக்குப் பெரிய வேலை இல்லை என்பதற்கு அந்த வித்தியாசமே சான்று. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம்.

இரும்பே இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதைத் தனுஷ்கோடியில் பார்க்கலாம். 1964 டிசம்பர் 22, 23 இரவில் ஊரையே கடல் கொண்டுபோனபின் மிஞ்சிய தேவாலயத்தின் சுவர்கள், 60 ஆண்டுகளாகக் கூரையின்றி, இரண்டு கடல்களின் காற்றையும் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. பவளக்கல்லும் சுண்ணாம்புமாய் எழுந்த சுவர்கள் அவை. பவளக்கல், சங்கு, சிப்பி எல்லாம் கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசினால் காற்றிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகும். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பவளக்கல் வீடுகளுக்காக யாரும் ஏங்க வேண்டாம். லிட்டருக்கு அரைக் கிராமுக்கும் குறைவான கால்சியத்தைக் கடலிலிருந்து சேர்த்துச் சேர்த்துச் சிறு உயிர்கள் கட்டிய பவளப்பார்களை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பியதில் இந்தக் கடல் இழந்தது மிகப் பெரிது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்ததும், 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்ததும் எவ்வளவோ காலம் கடந்துதான்.

என் தளத்துக்கு வருகிறேன். 2013இல் பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, கம்பியைத் தேய்த்து, புதுக் கலவை வைத்துப் பூசினோம். இரண்டு ஆண்டுகளில் ஒட்டுப்போட்ட இடம் அப்படியே இருக்க, அதைச் சுற்றி வளையமாகத் தளம் பெயர்ந்தது. கொத்தனார் தன் வேலை சரியில்லையோ என்று மனம் வருந்தினார். வேலை சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் அப்படி ஆயிற்று. அதுவரை அழுகிய கம்பிதான் நேர்மின்முனையாக நின்று எலக்ட்ரான்களை இழந்துகொண்டிருந்தது; அந்த எலக்ட்ரான்களைப் பெற்ற பக்கத்துக் கம்பிகள் கரையாமல் தப்பியிருந்தன. நாங்கள் அந்த இடத்தைக் குளோரைடு இல்லாத புதுக் கலவையால் காப்பாற்றியதும், கரையும் முறை பக்கத்துக் கம்பிகளுக்கு வந்துவிட்டது. அவற்றைச் சுற்றியிருந்ததோ அதே பழைய உப்புக் கலவை.

ஒன்று கரைந்து மற்றொன்றைக் காக்கும் இந்த ஏற்பாட்டை மனிதர்கள் நெடுங்காலமாகத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். 1824இல் அதே ஹம்ப்ரி டேவி, கடலில் அரித்துப்போன கப்பல்களின் செப்புத் தகடுகளில் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்தி, அவற்றைக் கரையவிட்டுச் செம்பைக் காத்தார். செம்பு கரையாததால் அதன் நஞ்சு நீங்கி, பாசியும் சிப்பியும் அடியில் அப்பிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தது வேறு கதை. படகின் இரும்புப் பாகங்களோடு இன்றும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது துத்தநாகத்தின் குணம். பாதி கரைந்து சல்லடையான கட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டும் மெக்கானிக், அது கரைந்ததைப் பார்த்து மகிழத்தான் வேண்டும்.

பாம்பனில் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த ரயில் பாலத்தை நூறாண்டுக்கும் மேலாகச் சுரண்டியும் பூசியும் பாகங்களை மாற்றியும்தான் காப்பாற்றினார்கள். தூக்குப் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் இருக்கின்றன. அந்த எஃகில் உள்ள குரோமியம், கீறினாலும் தானாகவே மீண்டும் மூடிக்கொள்ளும் ஆக்சைடு படலத்தைத் தருகிறது; பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தாலே அந்தக் குணம் வந்துவிடும். எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்கு அந்தக் கம்பி கட்டுபடியாகாது. எங்களுக்கு இயன்றது தண்ணீரைப் பார்த்துக் கலவை போடுவதும், கம்பிக்குக் கீழே போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கிறதா என்று நின்று கவனிப்பதும்தான். 2016இல் அந்தத் தளத்தை முழுவதுமாக இடித்துப் புதிதாகப் போட்டோம்.

அதன் பிறகு எங்கள் தெருவில் யார் தளம் போட்டாலும் முதல் நாள் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஒரு மில்லிலிட்டர், ஒரு மில்லிகிராம் குளோரைடுக்கு ஈடாகும்படி வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தயாரித்துப் பழுப்புப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். 50 மில்லிலிட்டர் தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட்டைச் சில சொட்டு விட்டால் அது எலுமிச்சை மஞ்சளாகும். அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து கரைசல் இறங்க இறங்க, குளோரைடு முழுவதும் வெள்ளையாகப் படிந்து தீர்ந்தபின்தான் செங்கல் சிவப்பு தோன்றும். 25 மில்லிலிட்டருக்குள் அது தோன்றிவிட்டால் 500க்குள் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆழ்துளைத் தண்ணீரை இப்படிச் சோதித்த நாளில் 50 மில்லிலிட்டர் பியூரெட் முழுதும் காலியாகியும் மஞ்சள் மாறவில்லை.

போன மாசியில் மேலத் தெருவிலிருந்து ஒரு பெண், வயிற்றுப்பிள்ளையோடு, தானே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "லாரித் தண்ணிதான்னு சொல்றாங்க சார். நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க" என்றார். என் மகள் பியூரெட்டைத் திருகினாள். ஒன்பதாவது மில்லிலிட்டரில் குடுவைக்குள் சிவப்பு எட்டிப் பார்த்தது, குலுக்கினாள், நின்றது. லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் மேலத் தெருவில் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது.